குஜராத்தி வீட்ல டீ குடிக்கிறதும் ஊழியமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி. இதுக்குப் போன தடவையே பதில் சொல்லியிருக்கணும். வேணும்னுதான் வெச்சிருந்தேன், ஏன்னா கேள்வி என்னைச் சும்மா விடல. தண்டையார்பேட்டையிலருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. படிக்கிறேன்.

"பாஸ்டர், என் மக இங்கிலாந்துல லெஸ்டர்ல நர்ஸா இருக்கா. அவ போற சபைல வெள்ளிக்கிழமைல குஜராத்திப் பெண்களுக்கு இங்கிலீஷ் கிளாஸ் நடத்துறாங்க. ஆனா அவங்களா கேக்குற வரைக்கும் சுவிசேஷக் கைப்பிரதி குடுக்கக் கூடாதாம். இவ போறா, சொல்லிக் குடுக்கிறா, அவங்க வீட்ல டீ குடிச்சிட்டு வர்றா. இது ஊழியமா, வெறும் சமூக சேவையா? செய்யறத நம்ம தமிழ் ஜனங்களுக்காவது செய்யலாம்ல?"

அம்மா, கடைசிக் கேள்விலருந்து வர்றேன், அது சுலபம். தமிழங்களுக்குச் செய்யலாம், தாராளமா. 1860ல நம்ம மதராஸ்லருந்துதான் ட்ரூரோங்கிற கப்பல் தென்னாப்பிரிக்கால இருக்கற நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டத்துக்கு ஆளுங்கள ஏத்திட்டுப் போச்சு. அப்படி அங்க போய்ச் சேந்த தெலுங்கு ஜனங்களுக்காக, 1903ல நெல்லூர்லருந்து ஜான் ரங்கையான்னு ஒருத்தர் கிளம்பிப் போனாரு. அனுப்பினது வெள்ளைக்காரங்க இல்ல, தெலுங்கு பாப்டிஸ்ட் சபைங்க. தன் பாஷைக்காரங்களத் தேடிக் கடல் தாண்டிப் போன மிஷனரி. யார் குறை சொல்ல முடியும்?

ஆனா அதே 1903ல திருநெல்வேலில இன்னொன்னு நடந்தது. ரெகுலரா பாக்குறவங்க "ஆரம்பிச்சிட்டாருடா, அசரியா வந்துட்டாரு"ன்னு சொல்லுவீங்க. சொல்லிக்கோங்க. வி.எஸ். அசரியா வெள்ளாளன்விளைக்காரர், படிச்சது நம்ம கிறிஸ்டியன் காலேஜ். அப்பல்லாம் அது தாம்பரத்துல இல்ல, பாரிமுனைலதான் இருந்தது. 1937லதான் தாம்பரத்துக்கு மாறிச்சு. அவரு 1903ல இந்தியன் மிஷனரி சொசைட்டி ஆரம்பிக்கிறதுக்கு முன்னால நின்னாரு. அப்புறம் தமிழ்நாட்ட விட்டுட்டு தெலுங்கு நாட்டுல தோர்ணக்கல் போனாரு, தெலுங்கு கத்துக்கிட்டாரு. 1912ல பிஷப். ஆங்கிலிக்கன் சபைல முதல் இந்திய பிஷப் அவருதான்.

அவரு 1910ல எடின்பரோல நடந்த உலக மிஷனரி மாநாட்டுல மிஷனரிங்க மத்தியிலயே நின்னு என்ன கேட்டாரு? பசிச்சவங்களுக்கு உங்க ஆஸ்தியக் குடுத்தீங்க, உங்க சரீரத்தையே குடுத்தீங்க, எங்களுக்கு அன்பும் வேணும், நண்பர்களத் தாங்கன்னு கேட்டாரு. நான் எப்பவும் சொல்றது இதுதான். நமக்குக் குடுக்கத் தெரியுது, வாங்கத் தெரியல. குடுத்துக்கிட்டே இருக்கறவன் எப்பவும் உசரத்துலதான் நிப்பான். முதல்ல அவங்க கையால வாங்கிச் சாப்பிடு. சமாரியா ஸ்திரீகிட்ட ஆண்டவர் எதுல ஆரம்பிச்சாரு? பிரசங்கத்துலயா? "தாகத்துக்குத் தா"ன்னு கேட்டாரு. முதல்ல கேட்டது அவரு!

அதனால உங்க மக டீ குடிக்கிறாளே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது.

லெஸ்டர்ல இது இன்னும் ஏன் முக்கியம்னு கேளுங்க. 1972ல இடி அமீன் உகாண்டாலருந்து ஆசியாக்காரங்கள 90 நாள்ல வெளிய போகச் சொன்னான். அப்ப லெஸ்டர் நகரசபை என்ன செஞ்சது தெரியுமா? உகாண்டா பேப்பர்லயே விளம்பரம் குடுத்தது, எங்க ஊருக்கு வராதீங்கன்னு. அப்படியும் வந்தாங்க, பெல்கிரேவ் ரோட்ட நகைக் கடையும் புடவைக் கடையுமா மாத்திட்டாங்க. பின்னாடி டாமன், டையூலருந்தும் வந்தாங்க. 1961 வரைக்கும் அந்த ஊருங்க போர்ச்சுகல் கையில இருந்ததால போர்ச்சுகல் பாஸ்போர்ட், பேசுறது குஜராத்தி. வராதேன்னு பேப்பர்ல போட்ட ஊர்ல, உள்ள வந்து உக்காருன்னு கதவத் திறக்கறது அவங்கதான். அந்த வீட்டுக்குள்ள உங்க மக போயிருக்கா.

ஆனா பாத்துப் போகச் சொல்லுங்க. நிறைய வீட்ல முட்டை கிடையாது. சில வீட்ல வெங்காயம், பூண்டு கூட கிடையாது. கிறிஸ்மஸ்னு கேக் எடுத்துட்டுப் போனா முட்டை இல்லாத கேக்கா இருக்கட்டும். இது சின்ன விஷயம்னு நினைக்காதீங்க. ஒரு கேக்ல போன சிநேகிதத்த ஒரு வருஷம் ஜெபிச்சாலும் திருப்ப முடியாது.

கைப்பிரதி விஷயம். அந்தச் சபை பண்றது சரின்னுதான் நான் சொல்லுவேன். கிளாஸுக்கு வர்றவங்களுக்கு இங்கிலீஷ் அவசியம்; அது இல்லாம வேலை இல்ல, டாக்டர்கிட்ட பேச முடியாது. அந்த நேரம் பார்த்து நீங்க காகிதத்த நீட்டினா, இத வாங்கினாத்தான் கிளாஸான்னு அவங்க மனசுல ஓடும். அதுக்காக மறைக்கச் சொல்லல. நைட் டியூட்டி பாத்துட்டு வந்து எங்களோட ஏம்மா உக்காந்திருக்கேன்னு அவங்க கேக்கத்தான் போறாங்க. கேக்கும்போது நேராச் சொல்லட்டும், இயேசு பேரச் சொல்லியே சொல்லட்டும்.

இப்ப நீங்க கேக்காத கேள்விக்கு வர்றேன், கோவிச்சுக்காதீங்க. மக லெஸ்டர்ல போய் குஜராத்தி வீட்ல உக்காந்திருக்கா. நீங்க இருக்கறது தண்டையார்பேட்டை. சௌகார்பேட்டை எவ்ளோ தூரம்? ஒரு பஸ். மின்ட் தெருல குஜராத்திங்க, மார்வாடிங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து இருக்காங்க. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் துணி அங்கதான் எடுக்குறோம், அவசரத்துக்கு நகைய அவங்ககிட்டதான் வெக்கிறோம். எல்லாருக்கும் சேத்து "சேட்டு"ன்னு ஒரே பேரு. அந்த சேட்டு பேரு என்ன? அவரு வீட்டம்மா பேரு? நம்ம சபைல எத்தன பேருக்குத் தெரியும், கை தூக்குங்க பாப்போம்னா ஒரு கை வராது.

நான் கைப்பிரதி எடுத்துட்டுப் போகச் சொல்லலம்மா. அடுத்த தடவ துணி எடுக்கப் போறப்ப அந்தக் கடைக்காரம்மாவோட ரெண்டு நிமிஷம் பேசுங்க, டீ குடுத்தா வேணாம்னு சொல்லாதீங்க. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியலன்னா ராத்திரி மகளுக்குப் போனப் போட்டுக் கேளுங்க, அவ சொல்லித் தருவா.

சரி, கொடுங்கையூர்லருந்து ஒரு தம்பி தசமபாகத்தப் பத்திக் கேட்டிருக்காரு. அதுக்கு வர்றேன்.