இரண்டு நூல் உயரம், 291 அடி: நம் வண்டியின் முதல் இழுப்பு

வணக்கம் மக்களே. குரல் கட்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி கவுண்டி ஃபேரில் கத்திய கத்தல் அப்படி. ஆமாம், இழுத்துவிட்டோம்! பதினான்கு மாதமாக இந்த ஷெட்டில் பிரித்துப் போட்டுக் கிடந்ததே, அதே 1997 டாட்ஜ் ராம் பிக்கப், பாரம் ஏற்றிய ‘ஸ்லெட்’ என்ற சறுக்கு வண்டியை மண்ணில் இழுக்கும் போட்டியில் 291 அடி இழுத்தது. 300 அடி போயிருந்தால் முழு இழுப்பு. அந்த 9 அடி எப்படிப் போனது என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஹிட்ச் கதையைச் சொல்லியாக வேண்டும்.

போட்டியில் எங்கள் வகுப்பில் ஹிட்ச், அதாவது ஸ்லெட்டின் சங்கிலியை மாட்டும் பின்பக்க வளையம், தரையிலிருந்து 26 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமை ராத்திரி இதே சிமென்ட் தரையில் வைத்து அளந்தேன். சரியாக 26. மூன்று தடவை அளந்தேன், போன வீடியோவின் கடைசியில் நீங்களும் பார்த்தீர்கள். மறுநாள் பரிசோதனை வரிசையில் அந்தப் பெரியவர் தன் இரும்புக் கோலை ஹிட்ச்சுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கோலின் தலைக்கு மேலே வளையம் எட்டிப் பார்த்தது. இரண்டு நூல். கால் அங்குலம்! குனிந்து பார்த்தேன், உட்கார்ந்து பார்த்தேன், மண்ணில் படுத்தே பார்த்துவிட்டேன். இரண்டு நூல்தான்.

எங்கே தப்பு என்று புரியப் பத்து நிமிடம் ஆயிற்று. வெள்ளிக்கிழமை நான் அளந்தபோது முன்னால் எடைக் கற்கள் மாட்டவில்லை. டிராக்டரில் மாட்டும் 100 பவுண்டு வார்ப்பு எடைகள் ஆறு, முன் பம்பருக்கும் முன்னால் தொங்குகின்றன. முன் அச்சைத் தாண்டி அவ்வளவு கனம் தொங்கினால் மூக்கு தாழும், வால் தூக்கும். சீசாப் பலகைதான். பின்பக்கம் ஸ்பிரிங் அசையாமல் பிளாக் வைத்து இறுக்கிவிட்டதால் தூக்காது என்று நினைத்திருந்தேன். முன் ஸ்பிரிங் அமுங்கியதை யோசிக்கவே இல்லை.

ஹிட்ச் தகட்டில் ஓர் அங்குலத்துக்கு ஒரு துளைதான் போட்டிருக்கிறேன். ஒரு துளை இறக்கினால் கோல் ஒத்துக்கொள்ளும், ஆனால் முக்கால் அங்குலம் வீணாகப் போகும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். இழுக்க இழுக்க ஸ்லெட்டின் கனம் சங்கிலி வழியாகப் பின் டயரை மண்ணில் அழுத்துகிறது. ஹிட்ச் எவ்வளவு உயரமோ அவ்வளவு அழுத்தம். அனுமதித்த உயரத்தில் ஒரு நூலைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது. கடைசியில் பின் டயர் இரண்டிலும் காற்றை 55-லிருந்து 40-க்கு இறக்கினேன். வளையம் கோலுக்குக் கீழே இறங்கியது. பெரியவர் கட்டைவிரலை உயர்த்தியதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சரி, இழுப்புக்கு வருவோம். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. ஊரில் தேர் நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் கனம், உருள ஆரம்பித்தால் லேசாகிவிடும். ஸ்லெட் அதற்கு நேர்மாறு. கிளம்பும்போது எடைப்பெட்டி பின்னால், சக்கரங்களுக்கு மேல் இருக்கும். வண்டி நகர நகரப் பெட்டி முன்னால் ஏறி வரும், கனமெல்லாம் மண்ணில் உரசும் தகட்டுக்கு மாறும். ஒவ்வோர் அடிக்கும் பாரம் ஏறிக்கொண்டே போகும். எல்லோரும் நிற்கத்தான் போகிறோம். எங்கே நிற்கிறோம் என்பதுதான் போட்டி.

லோ ரேஞ்ச், நான்காவது கியர். பச்சைக் கொடி. சங்கிலி இறுகும்வரை மெதுவாக, அப்புறம் மிதி. 200 அடி வரைக்கும் நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. அந்தச் சத்தம் இருக்கிறதே, ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜின் முழு மூச்சில் பாடுவது, அதற்கு இணை இந்த உலகத்தில் எனக்கு எதுவும் இல்லை. கம்மின்ஸ் கம்பெனி பிறந்த இந்தக் கொலம்பஸ் ஊரில், இந்தியானாவில் குடியிருந்துகொண்டு வேறு எதைச் சொல்வேன்!

போன வீடியோவுக்கு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள், "பெரிய டர்போ போடுங்கள் அண்ணா" என்று. போட முடியாது தம்பிகளே. டர்போ என்றால் இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. அதன் வாய் 2.5 அங்குலம், அதாவது 63.5 மில்லிமீட்டர், அதற்கு மேல் எங்கள் வகுப்பில் இல்லை. உள்ளே கட்டை விட்டுப் பார்க்கிறார்கள். அந்த வாய் வழியாக எவ்வளவு காற்று போகுமோ அவ்வளவு டீசல்தான் எரியும். மீதி கரும்புகையாகப் போகும். புகை என்றால் வீணான டீசல். தெருவில் போகிறவர்கள் முகத்தில் அதைக் கக்கிவிட்டுப் பெருமைப்படும் ஆட்களை எனக்கு அறவே பிடிக்காது. நம் வண்டி டிரெய்லரில் போகும், டிரெய்லரில் வரும்.

அதனால் காசு முழுக்கத் தாங்குகிற சாமான்களுக்கே போனது. கம்பெனியிலிருந்து வந்தபோது இந்த 5.9 லிட்டர் இன்ஜினுக்கு 215 குதிரைத்திறன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கு மேல் டீசலைக் குறைக்க ஆரம்பித்துவிடும். அதற்கு 4,000 சுற்று ஸ்பிரிங் போட்டோம். சுற்று ஏறினால் பழைய வால்வ் ஸ்பிரிங் தாங்காது, வால்வ் மூட நேரமில்லாமல் மிதக்கும். ஆகவே பன்னிரண்டு வால்வுக்கும் கெட்டியான ஸ்பிரிங். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை அழுத்திப் பிடிக்கும் 26 போல்ட்டையும் எடுத்துவிட்டு, இன்னும் இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட். கிளட்ச் இரட்டைத் தட்டு. சனிக்கிழமை ஒரு சொட்டுத் தண்ணீர் ஹெட்டிலிருந்து கசியவில்லை, அதுவே எனக்குக் கோப்பை மாதிரி.

ஐயோ, டைமிங் கவர், அதாவது இன்ஜின் முன்பக்கப் பல்சக்கரங்களை மூடும் மூடி, அதைத் திறந்ததைச் சொல்ல மறந்தேபோனேன். இதே பன்னிரண்டு வால்வ் கம்மின்ஸ் வைத்திருப்பவர்கள் இதை மட்டும் கேளுங்கள். டைமிங் கியரின் உறையை இன்ஜின் பிளாக்கோடு நேராக்க, தயாரிப்பில் ஒரு சின்ன எஃகுப் பின் அடித்திருப்பார்கள். வருஷக்கணக்கான அதிர்வில் அது நகர்ந்து நகர்ந்து வெளியே வரும். ஒரு நாள் கியருக்கு நடுவில் விழுந்தால் இன்ஜின் போச்சு. கில்லர் டவல் பின் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கவரைக் கழற்றி டார்ச் அடித்தேன். எண்ணெய்ப் படலத்துக்கு நடுவே பின்னின் தலை பளபளவென்று மூன்று மில்லிமீட்டர் வெளியே நின்றது. விரல் வைத்துத் தொட்டபோது உடம்பு சிலிர்த்தது. சுத்தியலால் உள்ளே தட்டி, பக்கத்து போல்ட்டில் சின்னத் தகட்டை மாட்டி மூடினேன். நிமிடக் கணக்கில் முடிந்த வேலை. உங்கள் வண்டியில் இன்றே பாருங்கள்.

இன்னொன்றும் விட்டுவிட்டேன். பின்னால் தொங்கிய சிவப்பு வளையம் என்ன என்று கேட்டிருந்தார்கள். இந்த இன்ஜினின் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். இன்ஜின் கட்டுமீறி ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பிப் பயனில்லாமல் போகலாம். அந்த வளையம் ஸ்லெட்டோடு கட்டியிருக்கும். வண்டி பிய்த்துக்கொண்டு போனால் வளையம் இழுபட்டு, காற்று வழியில் ஒரு கதவு விழும். காற்றில்லாமல் டீசல் எரியாது. காற்று வழி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: 1952 இண்டி 500 கார் பந்தயத்தில் இதே ஊர்க் கம்மின்ஸ் டீசல் கார் முதல் இடத்திலிருந்து கிளம்பியது, டர்போ வாயில் ரப்பர் தூள் அடைத்து 71 சுற்றில் நின்றுபோனது. அதை நினைத்துத்தான் ஏர் ஃபில்டரை நான் அவ்வளவு மேலே தூக்கி வைத்திருக்கிறேன். களிமண் தூசி சும்மா விடாது.

இப்போது அந்த 9 அடி. 270 அடியில் வண்டியின் பின்பக்கம் குதிக்க ஆரம்பித்தது. சீட் பெல்ட் தோளை அறுத்தது. டயர் ஒவ்வொரு குதிப்புக்கும் மண்ணை விட்டுவிட்டுப் பிடித்தது, சுற்று விழுந்தது, டர்போ மூச்சு வாங்கியது, அவ்வளவுதான், நின்றுவிட்டது. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்கிறது. அந்த இரண்டு நூலுக்காக இறக்கிய காற்று!

அதனால் நேற்று ஹிட்ச்சுக்குப் புதுத் தகடு வெட்டினேன். துளைகள் இரண்டு வரிசை, ஒன்றுக்கொன்று தள்ளி, பழைய துளைகளுக்கு இடைப்பட்ட உயரத்திலும் நிறுத்தலாம். டயரில் திரும்ப 55. ஆறு எடையும் முன்னால். டாங்க் நிறைய டீசல். டிரைவர் சீட்டில் என் எடைக்கு மூன்று மூட்டைக் கோழித்தீவனம், பக்கத்துப் பண்ணைத் தாத்தா கொடுத்தது. இதோ, டேப்பைக் கேமரா பக்கம் காட்டுகிறேன், தெரிகிறதா? 25 அங்குலம் 7 நூல். அடுத்த இழுப்பு பதினாறாம் தேதி.