பஞ்சுத் தூசியும் மூன்று கூடைச் சொற்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவக் கல்லூரி நூலகத்துக்கு ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் கடைசி வாரத்தில்தான் ஓடி வருகிறார்கள். ஆய்வேடு எழுதியாகிவிட்டது, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துத் தர வேண்டும். அதுவும் தேவைதான். ஆனால் நூலகரால் நிறைய உதவ முடிகிற நாள், கேள்வியையே முடிவு செய்கிற முதல் நாள்.

நம்ம ஊர்க் கேள்வி ஒன்றையே எடுத்துக்கொள்வோமுங்க. கோவை, திருப்பூர் பக்கத்து நூற்பாலைத் தொழிலாளர்களின் நுரையீரலைப் பஞ்சுத் தூசி எப்படிப் பாதிக்கிறது? மாணவர் மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டைத் திறந்து இந்தக் கேள்வியை முழு வாக்கியமாக ஆங்கிலத்தில் அடிக்கிறார். கைப்பிடிக் கட்டுரைகள்தான் வருகின்றன. "இதுக்கு மேல யாரும் எழுதலீங்க" என்று முடிவு கட்டிவிடுகிறார். எழுதியிருக்கிறார்கள், வேறு வேறு சொற்களில் எழுதியிருக்கிறார்கள்.

நூலகர் இதை மூன்று கூடையாகப் பிரிப்பார். முதல் கூடையில் ஆட்கள்: ஸ்பின்னிங் மில், டெக்ஸ்டைல் ஒர்க்கர். இரண்டாவதில் காரணம்: காட்டன் டஸ்ட், காட்டன் ஃபைபர். ஃபைபரை அமெரிக்கர் ஒரு மாதிரியும் பிரிட்டிஷ்காரர் வேறு மாதிரியும் எழுதுவார்கள். இரண்டையும் போட வேண்டும். மூன்றாவதில் நோய்: பிசினோசிஸ், பிரௌன் லங். விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகுவதால் மண்டே ஃபீவர் என்ற பெயரும் உண்டு. அதை விட்டால் பழைய கட்டுரைகள் சில விட்டுப்போகும்.

ஒரே கூடைக்குள் இருக்கும் சொற்களை 'ஆர்' (OR: ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டுக் கோக்க வேண்டும். கூடைக்கும் கூடைக்கும் நடுவில் 'அண்ட்' (AND: எல்லாக் கூடையிலிருந்தும் இருக்க வேண்டும்). ஒவ்வொரு கூடையும் அடைப்புக்குறிக்குள் இருக்க வேண்டும். பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்குப் போடும். அடைப்புக்குறி விட்டுப்போனால் சம்பந்தமில்லாத கட்டுரைகள் வந்து குவியும்.

அடுத்தது மெஷ் (MeSH) எனப்படும் பொருள் தலைப்புகள். கட்டுரையாளர் எந்தச் சொல்லைப் போட்டிருந்தாலும் பிசினோசிஸ் என்ற ஒரே தலைப்பின் கீழ் கொண்டுவருகிற ஏற்பாடு அது. ஆனால் பப்மெட்டில் இருக்கும் எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. அதை மட்டும் நம்பித் தேடினால் மற்றவை நழுவிவிடும். கட்டுரையின் பெயரிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொற்களையும் சேர்த்தே தேட வேண்டும்.

தேடல் சரியா என்று எப்படித் தெரியும்? ஏற்கெனவே தெரிந்த நாலைந்து நல்ல கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை முடிவில் வராவிட்டால் கோத்த விதத்தில்தான் கோளாறு. சரிவந்த பிறகு எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், என்ன வரி போட்டு, எத்தனை கட்டுரை வந்தது என்று அப்போதே குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுத முடியாது.

முழுக் கட்டுரை கிடைப்பது இன்னொரு பாடு. ஆய்விதழ்களைப் படிக்க ஒன்றிய அரசே சந்தா கட்டும், 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் முதல் கட்டத்தில் அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் கல்லூரிக்காரர்கள் முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் பப்மெட் சென்ட்ரல் தளத்தில் பிரதி இருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். இல்லையென்றால் நூலகர் வேறு நூலகத்திலிருந்து வாங்கித் தர முயல்வார். சேர்த்த கட்டுரைகளை ஸொட்டேரோ என்ற மேற்கோள் மென்பொருளில் போட்டால் இரட்டைப் பதிவுகளைக் காட்டும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரையை எச்சரிக்கும்.

தொழிலாளர்களுக்கு முகக்கவசம் கொடுத்துப் பலன் பார்ப்பதாக ஆய்வு மாறினால் அது சோதனை ஆய்வாகிவிடும். இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகளைப் பதியும் சிடிஆர்ஐ பதிவேட்டில், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் அங்கே பின்தேதிப் பதிவு கிடையாது. இதைக் காலம் கடந்து கேட்டால் நூலகராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதழைத் தேர்ந்தெடுக்கும்போதும் கேளுங்கள். ஒரு கட்டுரை பப்மெட்டில் தெரிவதாலேயே அந்த இதழ், தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் சேர்க்கும் மெட்லைன் பட்டியலில் சேர்ந்தது என்று ஆகிவிடாது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் என்எல்எம் கேட்டலாக்கில் இதழின் பெயரைப் போட்டால் தெரிந்துவிடும். மூன்றே நாளில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சலுக்குப் பதில் போடும் முன் அந்தப் பெயரை நூலகரிடம் காட்டுங்கள்.

கட்டுரையை இதழுக்கு அனுப்புவதற்கு முன் பழைய தேடலை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பப்மெட்டில் அதைச் சேமித்து வைத்திருந்தால் இடையில் வந்த புதுக் கட்டுரைகள் மின்னஞ்சலுக்கே வந்திருக்கும். வணக்கமுங்க.