எலும்புக்கு அவசரமில்லை

(மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலையில் மாதர் சங்கத்தினர் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அம்மாமாரே, ஐயாமாரே, பின்னுக்கு மோட்டார் சைக்கிளிலேயே இருந்து கேட்கிற தம்பிமாரே, வணக்கம்.

தென்னையிலிருந்து ஒருவர் விழுந்தால் நம்ம ஊரில் என்ன நடக்கும்? ஒருத்தர் ஓடிப்போய்த் தூக்கி இருத்துவார். இன்னொருத்தர் கோணிப்போன கையை இழுத்து நேராக்கப் பார்ப்பார். அடுத்தவர் எண்ணெய் போட்டு உருவுவார். பக்கத்து வீட்டு மாமி தேத்தண்ணியோடு வருவா. நாலு பேரும் நல்ல மனத்தோடுதான் வருகிறார்கள். செய்கிற நாலும் பிழை.

முறிந்த எலும்புக்கு அவ்வளவு அவசரமில்லை. சில நாள் கழித்துப் பொருத்தினாலும் பெரும்பாலும் ஒட்டிவிடும். அவசரமெல்லாம் இரத்தத்துக்குத்தான். தொடை எலும்பு முறிந்தால், தோலில் ஒரு கீறல் இல்லாமலே 1 லீற்றருக்கு மேல் இரத்தம் தசைக்குள் கசிந்துவிடலாம். வளர்ந்த ஆளின் உடம்பில் இருப்பதே ஏறக்குறைய 5 லீற்றர். வெளியில் ஒரு சொட்டும் தெரியாது. ஆள் வெளிறி, குளிர்ந்து வியர்ப்பார். அவரைப் பிடித்து நடத்திப் பார்க்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உள்ளே போகும் அந்த இரத்தத்தைக் குறைக்க நம்மால் செய்யக்கூடியது காலை அசையாமல் வைத்திருப்பது. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹியூ ஓவன் தோமஸ் என்ற மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் காலை அசையாமல் பிடிக்கும் இரும்புச் சிம்பு ஒன்றைச் செய்தார். அவர் இறந்த பிறகு, முதல் உலகப் போரில், அவருடைய மனைவி வழியில் மருமகன் முறையான றொபேர்ட் ஜோன்ஸ் அதைப் போர்க்களத்துக்குக் கொண்டுபோனார். தொடை முறிந்த சிப்பாய்களில் அதுவரை பெரும்பாலானோர் செத்துக்கொண்டிருந்தார்கள். சிம்பு வந்த பிறகு பெரும்பாலானோர் பிழைத்தார்கள். இந்தத் தோமஸின் தகப்பன் யார் தெரியுமா? பரம்பரை முறிவு வைத்தியர். அதனால் நம்ம முறிவு வைத்தியர்களை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். மூங்கில் சிம்பு வைத்து, மூலிகைப் பத்துப் போட்டு, இறுக்கிக் கட்டுகிறார்கள். முறிந்த இடம் அடுத்த ஒன்றிரண்டு நாளைக்கு வீங்கிக்கொண்டே போகும். கட்டு விரியாது. உள்ளே அழுத்தம் கூடி, தசைக்கு இரத்தம் போகாமல் நின்றால், சுமார் 6 மணித்தியாலத்துக்குள் தசை சாகத் தொடங்கும். முழங்கைக்கு மேலே முறிந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். கை மடங்கியபடியே நின்றுவிடும், சில வேளை வெட்டி எடுக்க வேண்டிவரும். ஆஸ்பத்திரியில் போட்ட மாக்கட்டுக்கும் இதே கதைதான்.

ஆகவே கட்டு யார் போட்டாலும் விரலைப் பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் 2 செக்கனுக்குள் சிவப்புத் திரும்ப வேண்டும். விரல் குளிர்ந்து வெளிறினால், விறைத்தால், மருந்து குடித்தும் நோவு கூடிக்கொண்டே போனால், விரலை நிமிர்த்தும்போது பிள்ளை கத்தினால் விடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் போட்ட கட்டு என்றால் உடனே தளர்த்துங்கள். மாக்கட்டு என்றால் அந்த இராவே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மோதிரம், காப்பு எல்லாம் வீங்குவதற்கு முன்னமே கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும், தங்கம் என்று பார்க்க முடியாது.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, இரத்தம் ஓடினால் எலும்பை விட்டுச் சுற்றிவர அழுத்துங்கள். கோப்பித் தூள், மஞ்சள் ஒன்றும் வேண்டாம்.

மரத்திலிருந்து விழுந்தவரை இருத்தவே கூடாது. முள்ளந்தண்டு முறிந்திருந்தால், நாம் இருத்துகிற அந்த ஒரு கணத்தில் கால் இரண்டும் செயலற்றுப் போகலாம். கிடந்த இடத்திலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். அம்புலன்ஸுக்குக் காசு கட்டத் தேவையில்லை. ஓட்டோவில் மடக்கி ஏற்றாதீர்கள். மண்முனையில் பாதை என்கிற மிதவைப் படகு ஓடிய காலத்தில் வாவியைக் கடக்கவே காத்துக்கிடந்தோம். 2014இல் பாலம் வந்துவிட்டது, இப்போது அந்தக் காத்திருப்பு இல்லை.

தேத்தண்ணி, சோடா கொடுக்காதீர்கள் மாமி. மயக்க மருந்து கொடுக்க வேண்டிவந்தால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும்.

வயதான அம்மம்மா குளியலறையில் சறுக்கி விழுந்து, ஒரு கால் கட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், அது பெரும்பாலும் இடுப்போடு சேர்ந்த தொடை முறிவு. வயசு போச்சுது என்று எண்ணெய் பூசிப் படுக்கவைக்கிறோம். படுக்கைப்புண்ணும் சளியும்தான் அவவைக் கொண்டுபோகும். ஒன்றிரண்டு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்தால் பலர் திரும்ப நடக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேயும். தயிரும் நெத்தலியும் நம்மிடம் நிறைய இருக்கிறது, கொஞ்சம் வெயிலில் நடக்கவும் வேண்டும். குளியலறைப் பாசியைத் தேய்த்துவிடுங்கள். ஹெல்மெட்டைப் பற்றி பின்னுக்கு நிற்கிற தம்பிமாருக்குத் தெரியும், கண்ணாடியில் கொழுவத்தான் வாங்கியிருக்கிறார்கள்.

சரி, பேச்சுப் போதும். ஒரு சால்வையும் பழைய கடதாசி மட்டையும் கொண்டுவந்திருக்கிறேன். சிம்பு முறிவுக்கு மேலேயும் கீழேயும் உள்ள மூட்டு இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், கோணலை நேராக்கக் கூடாது. முன்வரிசையில் இருக்கிற தங்கச்சி வாங்க, கையை நீட்டுங்க. மற்றவர்கள் கிட்டே வந்து, நான் எங்கே முடிச்சுப் போடுகிறேன் என்று பாருங்கள்.