பச்சைப் புள்ளி இல்லாத பைக்கற்றில் எதைப் பார்ப்பது?

[திரையில்: ஹட்டன் கடைத்தெரு. கடைக் குளிர்பெட்டியில் யோகட் கப்புகள்.]

வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி, ஆடித் திருவிழா என்று வீட்டில் கவிச்சி சேர்க்காத நாட்களில் பிள்ளைகளுக்கு யோகட் வாங்கிக் கொடுக்கிறோம். பாலில் செய்தது, சைவம்தானே என்று நினைப்போம். கப்பைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

[திரையில்: கப்பின் பொடி எழுத்து, நெருக்கமாக.]

பால், சீனி, அப்புறம் ஜெலட்டின். மாடு, பன்றி, மீன் இவற்றின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பதுதான் ஜெலட்டின். யோகட் கட்டியாக நிற்பதற்குச் சேர்க்கிறார்கள். எல்லா யோகட்டிலும் இல்லை. அதனால்தான் ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டும்.

[திரையில்: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம்.]

பச்சைப் புள்ளி எனும் இந்தச் சைவ அடையாளம் இந்தியாவில் இருந்து வரும் பொருட்களில் இருக்கும். அங்கே 2001இல் வந்த விதி இது. அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் இருந்தது; 2020 விதிகளில் அதை முக்கோணமாக்கினார்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் இப்போது வித்தியாசம் தெரியும், நல்ல மாற்றம். அந்த விதிப்படி பால் சைவம், முட்டை அசைவம்.

ஆனால் அது இந்தியச் சட்டம். நம் இலங்கைப் பைக்கற்றில் பச்சைப் புள்ளி இல்லை என்பதை வைத்து சைவம் என்றும் சொல்ல முடியாது, அசைவம் என்றும் சொல்ல முடியாது. சேர்மானப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். எடையில் கூடியது அதில் முதலில் வரும்.

[திரையில்: சீனிச்சம்பல் போத்தல், சோயா மீட் பைக்கற்.]

சீனிச்சம்பலில் மாசிக் கருவாடு இருக்கலாம். பேக்கரி பணிஸுக்கு லேபல் கிடையாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். சோயா மீட்டில் சோயா சைவம்தான். கூடவே வரும் சுவைத்தூளைத் தனியாகப் பாருங்கள்.

பட்டியலில் நிறமூட்டி போன்ற சேர்ப்புகளைக் குறிக்கும் இலக்கங்களும் உண்டு. 120 என்பது பூச்சியில் இருந்து எடுக்கும் சிவப்பு நிறம். எண்ணெயும் நீரும் பிரியாமல் வைத்திருக்கும் 471 தாவர எண்ணெயிலும் வரும், விலங்குக் கொழுப்பிலும் வரும். இலக்கத்தை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எதில் இருந்து எடுத்தது என்று இரண்டு சொல் கூடுதலாக அச்சிடச் சொல்லி விதி போட வேண்டும். அதைத் தமிழிலும், வாசிக்கக்கூடிய அளவிலும் போட வேண்டும். தோட்ட லயத்தில் இருக்கும் பாட்டிக்கும் தான் சாப்பிடுவது என்னவென்று தெரிந்தாக வேண்டும் அல்லவா?

[திரையில்: முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கம் 1977]

இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டப்படி, ஏமாற்றும் லேபலோடு உணவு விற்பது குற்றம். சைவம் என்று அச்சிட்ட பைக்கற்றின் பட்டியலில் ஜெலட்டினைக் கண்டால் அதை வீசிவிடாதீர்கள். இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து, பில்லோடு உங்கள் பகுதி பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கொடுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்திலும் முறையிடலாம்.