இடிக்காதீர்கள், கதவைத் திறந்துவிடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம். வேலை நின்றுபோய்ப் பூட்டிக் கிடக்கும் பழைய தொழிற்சாலையை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இல்லை ஊர்மக்களின் கலைக்கூடமாக மாற்றுவதா என்பது இன்றைய தலைப்பு. மாற்ற வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் மூன்று விஷயங்களைச் சொன்னார். செலவு தாங்காது, உள்ளே ஆபத்து இருக்கிறது, கடைசியில் வசதியானவர்கள்தான் வந்து அனுபவிப்பார்கள். மூன்றுமே நியாயமான கவலைகள். அதிலும் மூன்றாவது என்னையும் உறுத்துகிற கவலைதான், அதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் கட்டடத்தைப் பார்ப்போம். தறியும் இயந்திரமும் ஓடிய இடங்களில் கூரை ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கும், கவனித்திருப்பீர்கள். பூமியின் வடபாதியில் அந்தக் கண்ணாடிப் பக்கத்தை வடக்கு நோக்கித்தான் வைப்பார்கள், ஏனென்றால் நேர் வெயில் விழாமல் நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும், நூலின் நிறமும் அறுந்த இழையும் கண்ணுக்குத் தெரியும். ஓவியர் ஒருவர் தன் அறைக்குத் தேடி அலைவதும் அதே வெளிச்சத்தைத்தான். டன் கணக்கில் எடை தாங்கிய தளம், அகலமான கதவு, உயரமான கூடம், சரக்கு ஏற்றும் லிஃப்ட், இவ்வளவும் சிற்பிக்கும் நாடகக் குழுவுக்கும் அப்படியே பயன்படும். இதைப் புதிதாகக் கட்டித் தரச் சொன்னால் எந்த ஊர்மன்றமும் செலவைக் கேட்டே பின்வாங்கிவிடும். இடித்தால் அந்தச் செங்கலும் இரும்பும் குப்பைக்குப் போகும், பதிலுக்கு மறுபடி சிமெண்ட் கொட்ட வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பில்தான் வருகிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, உதாரணம் கேட்பீர்கள். எல்லாரும் லண்டனின் டேட் மாடர்னைச் சொல்வார்கள். 1981இல் மூடிய மின் நிலையம், 2000இல் அருங்காட்சியகமாகத் திறந்தது, டர்பைன் ஓடிய கூடம் மட்டுமே 150 மீட்டருக்கு மேல் நீளம். பிரமாதமான இடம்தான். ஆனால் அது போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம், நான் இங்கே வாதாடுவது மக்கள் தாங்களே உட்கார்ந்து வேலை செய்யும் இடத்துக்காக.

அதற்குப் பிரேசிலின் சாவ் பாவ்லோவுக்குப் போக வேண்டும். அங்கே பொம்பேயா பகுதியில் இரும்புப் பீப்பாய் செய்த ஒரு பழைய ஆலை. அதை மாற்றியமைக்க அழைக்கப்பட்டவர் லீனா போ பார்தி என்ற கட்டடக் கலைஞர். 1976இல் முதல் முறை போனபோது கட்டடத்தின் அமைப்பைப் பார்த்து வியந்தார். மறுபடி ஒரு சனிக்கிழமை போனபோது பார்த்ததுதான் முக்கியம். பாழாகக் கிடந்த அந்த ஆலைக்குள் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், ஓட்டை விழுந்த கூரை வழியாக மழை கொட்ட அந்தத் தண்ணீரிலேயே பையன்கள் பந்து உதைத்தார்கள், வாசலில் தாய்மார்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இது இப்படியே, இதே சந்தோஷத்தோடு தொடர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். செங்கல் சுவரும் கான்கிரீட் சட்டகமும் அப்படியே நின்றன. உள்ளே நூலகம், நாடக அரங்கு, தரையில் வளைந்து ஓடும் ஒரு நீரோடை, அப்புறம் மண்பாண்டம், மரவேலை, அச்சு, நெசவு எல்லாவற்றுக்கும் பட்டறைகள். 1982இல் திறந்தார்கள், இன்றும் கூட்டம் வருகிறது. செஸ்க் என்ற அமைப்புதான் அதை நடத்துகிறது. அதற்குப் பணம், வணிக, சேவை நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தைக் கட்டாயமாகச் செலுத்துவதிலிருந்து வருகிறது. அதாவது உழைப்பவர்களின் பெயரில் வசூலாகும் பணம் உழைப்பவர்களின் குடும்பத்துக்கே திரும்புகிறது.

செலவைப் பற்றிக் கேட்ட நண்பருக்கு இதில் பாதிப் பதில் கிடைத்திருக்கும், மீதிப் பதில் பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கியில் இருக்கிறது. நோக்கியா அங்கே ஒரு மாபெரும் கேபிள் ஆலை வைத்திருந்தது, கடலுக்கடியில் போடும் கேபிள்கூட அங்கே தயாரானது. நிறுவனம் மெல்ல மெல்ல வெளியேற, காலியான கூடங்களில் கலைஞர்கள் தற்காலிக வாடகைக்கு நுழைந்தார்கள். கட்டடத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் திட்டம் வந்ததும் வாடகைதாரர்களே சங்கம் சேர்த்துப் போராடினார்கள். கடைசியில் நகராட்சி 1991இல் கட்டடத்தை ஒரே இடமாக, கலைக்கே விடுவது என்று முடிவெடுத்தது. இப்போது நகராட்சிக்குச் சொந்தமான ஒரு நிறுவனம் வாடகை வருமானத்தை வைத்து அதை நடத்துகிறது. அறைகள் நிரம்பி இருந்தால் கட்டடம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பதை அங்கே செய்தே காட்டிவிட்டார்கள்.

ஆபத்து என்றீர்கள். 2016இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் 'கோஸ்ட் ஷிப்' என்ற பழைய கிடங்கில் இசை நிகழ்ச்சியின்போது தீப்பிடித்து 36 பேர் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆனால் அந்தக் கிடங்கு முறைப்படி மாற்றப்பட்ட கலைக்கூடம் அல்ல, அனுமதி கிடையாது, தானாக நீர் தெளிக்கும் ஏற்பாடு கிடையாது, வெளியேற வழியும் சரியில்லை. வாடகைக்கு வேறு போக்கிடம் இல்லாத கலைஞர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. எனவே அந்தத் தீ என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஆஸ்பெஸ்டாஸை அகற்றி, மண்ணைப் பரிசோதித்து, தீயணைப்பு ஏற்பாடு செய்து, நகராட்சி தானே முன்வந்து திறந்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் மக்கள் பின்வாசல் வழியாகத்தான் நுழைவார்கள்.

இப்போது அந்த மூன்றாவது கவலை. நியூயார்க்கின் சோஹோ பகுதியில் வார்ப்பிரும்புத் தூண்கள் கொண்ட ஆலைக் கட்டடங்களில் கலைஞர்கள் குடியேறினார்கள், 1971இல் சட்டமே அவர்களுக்கு இடம் கொடுத்தது, ஆனாலும் வாடகை ஏறி ஏறி அங்கே இன்று விலையுயர்ந்த கடைகள்தான் நிறைந்திருக்கின்றன. பெய்ஜிங்கில் '798' என்ற பழைய ஆலை வளாகத்திலும் கலைஞர்களின் பட்டறைகள் இருந்த இடத்தில் காட்சியகங்களும் காபிக் கடைகளும் வந்தன. நண்பர் சொன்னது அங்கெல்லாம் நடந்துதான் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் காரணம் யார்? கட்டடமா? சோஹோவில் கட்டடங்கள் தனியார் கையில் இருந்தன, கேட்கிற வாடகைக்குக் கொடுத்தார்கள். ஹெல்சிங்கியிலும் சாவ் பாவ்லோவிலும் கட்டடம் விற்பனைக்கே இல்லை. அப்படியிருக்க, வாடகை ஏறும் என்று பயந்து கட்டடத்தை இடித்தால், புதிதாக எழுகிற இடத்தில் வாடகை ஏறாதா? அங்கே ஏழை ஓவியருக்கு முதல் நாளிலிருந்தே இடமிருக்காதே!

ஜெர்மனியின் எஸ்ஸனில் சோல்வராயின் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடியது, 2001இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சுரங்கத்திலிருந்து கரி படிந்த உடம்போடு மேலேறி வந்தவர்கள் குளித்த கூடத்தில் இன்று நடனக் கலைஞர்கள் பயிற்சி செய்கிறார்கள். உடம்பை முதலாக வைத்து உழைத்தவர்களின் இடம், உடம்பாலேயே கலை செய்பவர்களிடம் போயிருக்கிறது. இதைவிடப் பொருத்தமான கைமாற்றம் வேறு எனக்குத் தோன்றவில்லை.

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தந்தால் கூடவே மூன்று நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கிறேன். நிலமும் கட்டடமும் விற்கக் கூடாத பொதுச் சொத்தாக இருக்கட்டும். பட்டறை வாடகைக்கு உச்சவரம்பு எழுத்தில் இருக்கட்டும். நிர்வாகக் குழுவில், அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கும் அந்தத் தெருவில் வாழ்கிறவர்களுக்கும் வாக்குரிமையோடு நாற்காலி கொடுக்கட்டும், வரைபடம் போடும் முதல் கூட்டத்திலிருந்தே.