ஒன்பது விடியல்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 16, விடியற்காலை நான்கு மணி. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் ஒரு மாணவர் விடுதி. நள்ளிரவு வரை பாடத்தோடு மல்லுக்கட்டிய ஒரு பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறாள். கிறிஸ்துமசுக்கு முன் கத்தோலிக்கர் நடத்தும் 'சிம்பாங் காபி' என்னும் ஒன்பது நாள் விடியற்காலைத் திருப்பலி அன்றுதான் தொடக்கம். 24-ஆம் தேதி வரை ஒருநாளும் தவறாமல் போனால் வேண்டியது கைகூடும் என்பது பிலிப்பினோ மக்களின் நம்பிக்கை. பூசை முடிந்து வெளியே வந்தால், வாழையிலை விரித்த மண்சட்டியில் மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்ட 'பிபிங்கா' என்ற அரிசி அப்பம் ஆவி பறக்கக் கிடைக்கும்.

வேண்டியது கிடைத்ததா என்று நான் கேட்கமாட்டேன். ஒன்பது நாளும் போர்வையை உதறி எழுந்தாளே, அந்த வைராக்கியம்தான் என்னை ஈர்க்கிறது. மெக்கல்லோ, வில்லோபி என்ற இரு உளவியலாளர்கள் 2009-இல் இதைத்தான் விரிவாக எழுதினார்கள்: சமயப் பற்றுள்ளவர்களிடம் காணப்படும் நலத்துக்குப் பின்னால், வழிபாடும் நோன்பும் பழக்கிய தன்னடக்கம் இருக்கக்கூடும் என்று.

பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் கத்தோலிக்கராக உள்ள அந்த நாட்டில் தன்னடக்கத்துக்குச் சொந்தச் சொல்லே உண்டு: 'பக்திதிம்பி'. ஒலி ஒத்திருந்தாலும் நம் 'பக்தி'க்கும் அதற்கும் உறவில்லை. தேர்வுக்கு முன் மாணவர்கள் சொல்லும் இன்னொரு சொல் 'பஹாலா நா', வருவது வரட்டும் என்று பொருள். சோம்பேறியின் விதிவாதம் என்று அதை வெளியார் பழித்தார்கள். நிச்சயமற்ற நேரத்தில் துணிந்து இறங்குபவரின் சொல் அது என்று 1970-களில் எடுத்துக்காட்டியவர் பிலிப்பினோ உளவியலாளர் அல்ஃபிரெடோ லக்மாய். எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

ஆனால் அடக்கம் வேறு, துயரத்தை விழுங்குவது வேறு. மனமுடைந்த மாணவனிடம் "இன்னும் உருக்கமாக வேண்டிக்கொள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவதை என்னால் பொறுக்க முடியாது. கல்வி நிலையங்களிலும் மனநலத் திட்டங்கள் வேண்டும் என்று அந்நாட்டின் 2018 மனநலச் சட்டமே சொல்கிறது. ஆலோசகர் அறைக்குப் போகும் மாணவனுக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் எண்ணக்கூடாது.

அந்தப் பெண் ஆறாம் நாள் எழவில்லை என்று வையுங்கள். விரதம் முறிந்ததே என்று கடிந்துகொள்ளும் முன், பக்கத்துக் கட்டில் தோழி போர்வையை விலக்கி, நெற்றியைத் தொட்டுப் பார்த்து, தூக்கமா, காய்ச்சலா, அழுகையா என்று கேட்கட்டும்.