பல் வார்ப்புகளை எறியாதீர்கள்

அவைத்தலைவர் அவர்களே, பல் மருத்துவக் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, உடற்கூறியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, இந்த வெயிலிலும் வெளியூரிலிருந்து வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தொல்லியல் மாணவர்களே, அரங்கு தந்து உதவிய நூலகர் ஐயா அவர்களே, காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு போராடிக்கொண்டிருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள் நம் பெரியவர்கள். பொக்கை வாயில் பேச்சுக் குழறும் என்பது அதன் நேர்ப்பொருள். மானிடவியலில் பல் என்பது சாட்சி. அது போனால் சாட்சி சொல்ல வேண்டியதும் போச்சு. பல்லின் வடிவம், அதற்கான மரபணு, மக்கள் குடிபெயர்ந்த கதை, வாயில் அச்செடுத்துப் பிளாஸ்டரில் ஊற்றிய பல் வார்ப்புகளைக் காப்பது என்று நான்கைப் பேச இசைந்திருக்கிறேன்.

நாக்கு நுனியால் மேல் முன்பற்களின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். சிலருக்கு வழுவழுவென்று இருக்கும். சிலருக்கு இரண்டு ஓரமும் வரப்பு மாதிரி எழும்பி, நடுவில் அகப்பைபோலக் குழிந்திருக்கும். இதுதான் ஷவல் பல், அதாவது மண்வாரி வடிவப் பல். கிழக்காசிய மக்களிடமும் அமெரிக்கப் பூர்வகுடிகளிடமும் மிகுதி என்று 1920இல் மானிடவியலாளர் அலெஷ் ஹர்ட்லிச்கா விரிவாக எழுதினார். அடுத்து, மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல். அதன் நாக்குப் பக்கத்து முன்முகட்டின் சரிவில் சிலருக்கு ஒரு குட்டி முகடு ஒட்டிக்கொண்டிருக்கும். வியன்னாவின் பல் மருத்துவர் கேயார்க் கரபெல்லி 19ஆம் நூற்றாண்டில் விவரித்ததால் அதற்குக் கரபெல்லி முகடு என்று பெயர். வழவழப்பாக இருந்தால் 0, மெல்லிய கோடு 1, குழி 2, தனித்து நிற்கும் பெரிய முகடு 7 என்று படி வைத்திருக்கிறார்கள். இப்படிப் பல கூறுகளுக்கும் பிளாஸ்டர் மாதிரிகள் செய்து, 1991இல் டர்னர், நிக்கல், ஸ்காட் மூவரும் வெளியிட்ட அரிசோனா முறையைத்தான் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்.

முதல் கடைவாய்ப்பல்லின் மகுடம், அதாவது ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி, பிறப்பையொட்டி உருவாகத் தொடங்கி, மூன்று வயதுவாக்கில் முடிந்துவிடுகிறது. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்; பல்லின் வெளிப்பூச்சான எனாமல் அப்படிச் செய்யாது. அதனால்தான் அதை நம்புகிறோம். ஆனால் ஒரே ஒரு பல்லைக் கையில் வைத்துக்கொண்டு இன்னார் இன்ன இனம் என்று சொல்லவே கூடாது. நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ற விகிதம்தான் பேசும். மரபணு பற்றி ஒரு வரி: கிழக்காசியாவில் பரவலாக இருக்கும் ஈடார் (EDAR) மரபணுவின் ஒரு வகைக்கு, ஷவல் பல்லோடும் தடித்த முடியோடும் தொடர்பு உண்டு.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். சீன நாட்டு மருந்துக் கடைகளில் ‘டிராகன் எலும்பு’ என்று பொடித்து விற்றதெல்லாம் புதைபடிவ எலும்பும் பல்லும்தான். அவை எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் போனவர்களில் ஒருவர் சுவீடன் நாட்டு நிலவியலாளர் ஆண்டர்சன். பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்) அருகே சௌகௌதியனில் அவருடைய உதவியாளர் ஓட்டோ ஸ்டான்ஸ்கி 1921இல் ஒரு பல்லைக் கண்டெடுத்தார். 1926இல்தான் அது உலகுக்குத் தெரிந்தது. 1927 அக்டோபரில் இன்னொரு கடைவாய்ப்பல் கிடைத்தது. அந்த ஒற்றைப் பல்லை நம்பி, உடற்கூறியலாளர் டேவிட்சன் பிளாக் ஒரு புதிய மனித வகைக்கே பெயர் சூட்டினார்; அதுதான் ‘பீக்கிங் மனிதன்’. பலர் ஏற்கவில்லை. அவர் விட்டாரா? பல்லைச் சின்னஞ்சிறு சிமிழில் அடைத்து, தன் பைக்கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொண்டு, அமெரிக்கா, ஐரோப்பா என்று ஊர் ஊராகப் போய்க் காட்டினார்! 1929 டிசம்பரில் மண்டையோடே கிடைத்தது, வாதம் அடங்கியது. பிளாக்குக்குப் பின் அந்த ஆய்வை ஏற்ற வைடன்ரைக், அங்கே கிடைத்த முன்பற்களின் ஷவல் வடிவத்தை 1937இல் விரிவாக எழுதினார். 1941 டிசம்பரில் போர் மூண்டபோது, பெட்டிகளில் கட்டி வைத்த புதைபடிவங்கள் காணாமலே போயின. இன்றுவரை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பற்களைப் பற்றி இன்றைக்கும் ஆராய முடிகிறது. ஏன்? வைடன்ரைக் முன்கூட்டியே வார்ப்பு எடுத்து வைத்திருந்தார். பல் போனாலும் சொல் போகாமல் காத்தது பிளாஸ்டர்!

முதல்வர் அம்மையார் முன்னிலையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல் சீரமைப்புக்காக எடுக்கும் வார்ப்புகள் சிகிச்சை முடிந்ததும் மூட்டை மூட்டையாகக் குப்பைக்குப் போகின்றன. தேயாத இளம் பற்களின் வார்ப்பு அவை. வயதானால் முகடு தேய்ந்து, 4 என்று பதிய வேண்டியது 1 ஆகிவிடும்.

வைத்தால் மட்டும் போதாது, வார்ப்பு நல்லதாக இருக்க வேண்டும். ஆல்ஜினேட் என்ற பசையால் வாயில் எடுத்த அச்சைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்து, 15 நிமிடத்துக்குள் ஊற்றிவிடுங்கள்; தாமதித்தால் நீர் கசிந்து அச்சு சுருங்கும். வார்ப்பு ஊற்றும் கடினப் பிளாஸ்டரான டென்டல் ஸ்டோன் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 மில்லி தண்ணீர். அதிர்வு மேசையில் வைத்து ஒரு ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக வழியவிடுங்கள். அச்சில் காற்றுக்குமிழி இருந்தால் வார்ப்பில் ஒரு மணி முளைக்கும். அது முகடு என்று கண்ணை ஏமாற்றும். ஸ்டோனில் குமிழி சிக்கினால் குழி விழும். அதை 2 என்று பதிந்துவிடுவோம். பல்காரை படிந்த பல்லும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் பக்கவாட்டு வெளிச்சத்தில், பத்து மடங்கு லென்சில், அரிசோனா முறையின் மாதிரியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில வாரம் கழித்து, முதல் மதிப்பெண்ணைப் பார்க்காமல் மறுபடியும் பதியுங்கள்.

தொல்லியல் மாணவர்களுக்கு: அகழ்வில் கிடைத்த பல்லை வெயிலில் காயவைக்காதீர்கள். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் சுருங்கி, எனாமல் சில்லுச் சில்லாகப் பெயரும். நிழலில் மெல்ல உலரட்டும். நொறுங்கும் பல்லில் அச்சே எடுக்க வேண்டாம், படம் போதும். பல் போனால் சொல் போச்சு.

குடிபெயர்ந்த கதைக்கு நேரமில்லை. கேட்பது ஒன்றுதான்: தட்டுகளோடு ஒரு இரும்பு அலமாரி. ஒப்புதல் தந்தவர்களின் வார்ப்பில் பெயர் வேண்டாம்; எண், வயது, ஆணா பெண்ணா, பாட்டன் பாட்டி நால்வரின் சொந்த ஊர், அச்செடுத்த நாள், இவ்வளவு எழுதினால் போதும். இந்த ஆண்டு எடுக்கும் வார்ப்புகளிலிருந்தே தொடங்க முதல்வர் அம்மையார் ஆணையிட வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.